புரொப்பேன்ல இருந்து புரொப்பிலீன்: குரோமியமா, வனேடியமா, காலியமா?

மும்பை மாட்டுங்கா ஐசிடிலயும் பவாய் ஐஐடிலயும் படிக்கிற நம்மூர் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு, புரொப்பேனை புரொப்பிலீனா மாத்த எந்த ஆக்சைடை கேட்டலிஸ்ட்டா (வினையை வேகப்படுத்துற பொருளா) எடுக்கலாம்னு கேட்டா, சூடு எங்கிருந்து வரப்போகுதுன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன். புரொப்பேன்ல இருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க ஒரு மோலுக்கு சுமார் 124 கிலோஜூல் சூடு கொட்டணும், ஒரு மூலக்கூறு ரெண்டாகுறதால ப்ரஷர் ஏத்தினா கன்வெர்ஷன் (புரொப்பேன் மாறுற அளவு) இறங்கும், சாதாரண ப்ரஷர்ல பாதியாவது மாறணும்னா 600 டிகிரி பக்கம் போகணும், அங்க போனா கேட்டலிஸ்ட் மேல கார்பன் படிஞ்சே தீரும்.

குரோமியம் ஆக்சைடு இதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. அலுமினா மேல ஏத்தி, காட்டோஃபின் ப்ராசஸ்ல வரிசையா ரியாக்டர் வச்சு, வேக்குவத்துல சில நிமிஷம் புரொப்பேன் விடுவாங்க, அப்புறம் சூடான காத்து ஊதி கார்பனை எரிப்பாங்க, அந்த சூடு கேட்டலிஸ்ட் பெட்லயே தங்கி அடுத்த ரவுண்டுக்கு உதவும். தொல்லையையே எரிபொருளாக்கிட்டாங்க பாருங்க, எனக்கு இதுல பிடிச்சதே அதுதான். இங்க அலிபாக் பக்கம் உசர்ல, வருஷத்துக்கு 5 லட்சம் டன்னுன்னு கெயில் போட்ட திட்டத்துக்கும் இதத்தான் எடுத்தாங்க. ஆனா காத்து பட்டா குரோமியத்துல கொஞ்சம் ஆறு சார்ஜ் நிலைக்குப் போயிடும், அது கேன்சர் வரவைக்கிற சமாச்சாரம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பழைய கேட்டலிஸ்ட்டை மாத்தும்போது சும்மா கொண்டுபோய் கொட்ட முடியாது.

(காட்டோஃபினுக்கு எதிர்க்கடையான ஓலிஃப்ளெக்ஸ் ப்ராசஸ்ல பிளாட்டினமும் டின்னும். ஆக்சைடு இல்லைங்கறதால இங்க விட்டுடறேன்.)

வனேடியம் வேற வழி. ஆக்சிஜனைச் சேர்த்து விட்டா ஹைட்ரஜன் தண்ணியா போயிடும், ரியாக்‌ஷனே சூட்டைத் தரும், இவ்ளோதான் மாறும்ங்கற ஈக்விலிப்ரியம் தடையும் இல்ல, கார்பனும் பெருசா படியாது. இவ்ளோ நல்லதுன்னா ஏன் ஊரெல்லாம் ப்ளான்ட் இல்ல? புரொப்பேன்ல உடைக்க வேண்டிய பாண்டை (பிணைப்பை) விட, கிடைச்ச புரொப்பிலீன்ல டபுள் பாண்டுக்குப் பக்கத்துல இருக்குற கார்பன்-ஹைட்ரஜன் பாண்டு வீக். அதனால புரொப்பேனைத் தொடுற அதே ஆக்சிஜன் புரொப்பிலீனை இன்னும் ஈசியா தொட்டு கார்பன் டை ஆக்சைடு வரைக்கும் எரிச்சுடும், கன்வெர்ஷன் ஏற ஏற செலக்டிவிட்டி (மாறினதுல நமக்கு வேண்டிய பொருளோட பங்கு) சரியும். வனேடியத்தை சப்போர்ட் (தாங்குற பொருள்) மேல மெல்லிசா பரப்பினா கொஞ்சம் தேவலை, ஒரு அடுக்குக்கு மேல போனா வனேடியம் பென்டாக்சைடு கட்டி கட்டியா வந்து கதை கந்தல்.

இதே வேலையை ஈத்தேனுக்கு செஞ்சா நிலைமை தலைகீழ், ஏன்னா எத்திலீனோட பாண்டு ஈத்தேனை விட ஸ்ட்ராங். மாலிப்டினம், வனேடியம், டெல்லூரியம், நயோபியம் நாலும் சேர்ந்த, எம்1னு சொல்ற படிக அமைப்புள்ள ஆக்சைடு 400 டிகிரி பக்கத்துலயே 90 சதவீதத்துக்கு மேல எத்திலீன் செலக்டிவிட்டி காட்டும், ஈத்தேனை நீராவியோட சூடாக்கி உடைக்கிற ஸ்டீம் கிராக்கர் 800ஐத் தாண்டிப் போறதோட வச்சுப் பாருங்க. லிண்டேயும் கிளாரியன்ட்டும் எட்ஹாக்ஸ்னு இதைக் கொண்டுவந்தாங்க. சூடு கட்டுப்பாட்டை மீறினா டெல்லூரியம் ஆவியா கிளம்பிடும், அது ஒண்ணுதான் பயம். ஆக வனேடியம் மோசம்னு மொட்டையா சொல்றவங்க எந்த ஆல்கேனுக்குன்னு (புரொப்பேனுக்கா, ஈத்தேனுக்கா) சேர்த்து சொல்லணும்.

காலியம் ஆக்சைடு ஆக்சிஜன் இல்லாமலே நல்லா வேலை செய்யும், டவ் கம்பெனி ஃப்ளூயிடைஸ்டு பெட்ல (கேஸ் ஓட்டத்துல மிதக்குற கேட்டலிஸ்ட் பொடில) துளி பிளாட்டினத்தோட அதைச் சேர்க்குது. ஆனா கார்பன் சீக்கிரம் மூடும், உலக காலியம் சப்ளையும் முக்கால்வாசிக்கு மேல சைனா கைல. ஜிங்க் ஆக்சைடு மலிவு, ஆனா ரெட்யூஸ் ஆகி உலோகமானா அந்த சூட்டுல மெதுவா பறந்தே போயிடும்.

ப்ராஜெக்ட்டுக்கு என் ஓட்டு சிர்கோனியாவுக்கு, அதாவது சிர்கோனியம் ஆக்சைடுக்கு. ஆக்சிஜன் கழண்டு விழுந்த இடத்துல திறந்து நிக்கிற சிர்கோனியம்தான் வேலை செய்யுது, விஷம் இல்ல, விலையும் கட்டுப்படி, நோண்டிப் பார்க்க இன்னும் இடம் இருக்கு. ஆனா தயவுசெஞ்சு முதல் ஒரு மணி நேர கிராஃபோட நிறுத்தாதீங்க, பத்து தடவை கார்பனை எரிச்சு எடுத்த பிறகு என்ன கன்வெர்ஷன் வருதுன்னு போடுங்க, வைவால அதைத்தான் கேப்பாங்க.