அம்மிச்சியின் முத்துமாலைக்குப் புது நூல்: பெரிய கடை வீதிப் பட்டறை எப்படி?

கல்யாணத்துக்கு அம்மிச்சியோட ரெட்டைச் சர முத்துமாலையை எடுக்கிறவங்க, முதல்ல கொக்கியைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க. முத்துக்கு முத்து நடுவுல நூல் தெரிஞ்சா அது தளர்ந்துபோச்சு, மறுபடி கோர்க்கணும். கோவை பெரிய கடை வீதிக்குப் பக்கத்துச் சந்துல இருக்கிற ஒரு மாடிப் பட்டறையில அதைச் செய்யறாங்க. கோர்ப்புக்கு முழு மார்க். மெருகுக்குப் பாதிகூட இல்லீங்க.

கோர்க்கிறவர் முத்தை எண்ணி, எடை போட்டு, ரெண்டையும் சீட்டுல எழுதிக் குடுத்துடறார். பட்டுநூல்தான். ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல ஒரு முடிச்சு. அறுந்தாலும் ஒண்ணுதான் உருளும். ஒண்ணோடொண்ணு உரசித் தேயவும் தேயாது. ஆனா நீளம் கூடும். 50 முத்துச் சரத்துல 49 முடிச்சு; முடிச்சுக்கு அரை மில்லிமீட்டர்னு வச்சாலே ரெண்டரை சென்டிமீட்டர்கிட்ட வந்துடுது. கழுத்தை ஒட்டிப் போடறவங்க முன்னாடியே சொல்லிடுங்க.

பழைய கடல்முத்துல துளை ரொம்பச் சின்னது. முத்தை எடைக்கு வித்த காலத்துல துளை பெருசானா காசு போச்சுன்னு அர்த்தம். தங்கூஸ் நுழையலைன்னு துளையைக் குடைஞ்சா ஓரம் பெயர்ந்துடும். இவர் துளையைத் தொடறதில்லை, மெல்லிசு நூலா மாத்திக்கறார். நல்ல முத்து எத்தனை தலைமுறைக்கும் நிக்கும். 1947 நவம்பர் 20-ல பிரிட்டன் இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்குப் போட்டதும் ரெண்டு பழைய சரங்கதான்: ஆன் அரசி, கரோலின் அரசி பேர்ல வந்ததை அப்பா ஆறாம் ஜார்ஜ் குடுத்தார். ஆன் அரசி காலமானது 1714-ல! அந்த மாலைங்க சீர்வரிசையோட வேற அரண்மனையில காட்சிக்கு இருந்துச்சு. கல்யாணத்தன்னைக்குக் காலையில இளவரசியோட செயலாளர்தான் ஓடிப்போய் எடுத்து வந்தார். நம்மூர்லயும் சீர்த்தட்டுல பரப்பறப்ப இதை யோசிக்கலாம்.

கெம்பு அட்டிகையை மட்டும் இங்க மெருகுக்குக் குடுக்காதீங்க. எல்லா நகையையும் ஒரே சுடுதண்ணித் தொட்டியில முக்கறாங்க. பின்பக்கம் மூடிக் கல்லு பதிச்ச நகையில, கல்லுக்கு அடியில மின்னுற தகடு இருக்கும். தண்ணி புகுந்தா தகடு கறுத்து, கல்லு செத்துப்போகும். சூட்டுல அரக்கும் இளகிக் கல்லு ஆடும். முத்தையும் அந்தத் தொட்டிக்கு விடாதீங்க, ஈரத்துணியால துடைச்சாப் போதும்.

கோர்த்து வந்த மாலையை ஆணியில மாட்டாம, படுக்க வச்சு வையுங்க. தொங்கினா புதுப் பட்டுநூல் சீக்கிரம் நீளும். சென்ட் அடிச்சுக் காஞ்ச பிறகே போடணும். நலங்குக்கு வேண்டவே வேண்டாம். மஞ்சள் நூல்ல ஏறிட்டா, திரும்ப அதே மாடிப்படிதான்.