‘மாடு கிடையாது அக்கா’ என்று சொல்லி 863 மலேசிய வெள்ளி வாங்கிய கடை

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறவர்கள், முக்கியமாக வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்குள் வக்கீல் கடிதம் அது இது என்று அவர்கள் ஆட்டம் காட்ட இடம் கொடுப்பானேன். டவுனில் இருக்கிற ஒரு இத்தாலிய உணவகம், அவ்வளவுதான் சொல்வேன். கூகலில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். வாரக் கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்த மாதிரிக் கடைகளில் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 70 வயது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். அப்புறம் தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனார். சம்பளம் பற்றாத காலத்தில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் மாடு வளர்த்து, பால் ஊற்றி, அந்தக் காசில் எங்களைப் பள்ளிக்கு அனுப்பினார். இந்த வயது வரைக்கும் மாட்டிறைச்சி அவர் வாயில் பட்டதில்லை. பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்றபோது பேரப்பிள்ளைகள் பீட்சா, பீட்சா என்று ஒரே நச்சரிப்பு. அவரும், “சரி, வெள்ளைக்காரன் சாப்பாட்டையும் ஒரு தடவை பாத்துருவோம்” என்றார்.

இந்தக் கடையை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு முன்னால் அலுவலக ஆட்களோடு அங்கே சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த மார்கரீட்டா பீட்சாவை இப்போதும் குறை சொல்ல மாட்டேன். தக்காளிச் சாறு, மொசரெல்லா, துளசி மாதிரி இருக்கிற அந்த பேசில் இலை, வேறொன்றும் இல்லை. ஓரம் உப்பி, அடியில் அங்கங்கே கருகல் புள்ளி. சமையல்காரரே மேசைக்கு வந்து, நேப்பிள்ஸ் பாணியில் அடுப்பு 430 டிகிரிக்கு மேல் காய வேண்டும், பீட்சா 60லிருந்து 90 வினாடிக்குள் வெந்துவிட வேண்டும் என்று விளக்கினார். தொழில் தெரிந்த மனுஷன். அந்த ஒரு சாப்பாட்டை நம்பித்தான் அப்பாவை அழைத்துப்போக முடிவு செய்தேன்.

முன்பதிவு செய்ய நேரிலேயே போனேன். மேனேஜர் தமிழர். 12 பேர், அதில் நாலு பேர் சுத்த சைவம், மற்றவர்கள் கோழி, மீன் சாப்பிடுவார்கள், ஆனால் யாருக்கும் மாடு கூடாது என்றேன். இறைச்சி மட்டுமில்லை, சூப்புத் தண்ணியிலும் இருக்கக் கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “என்னக்கா நீங்க, நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். நம்ம ஆளுங்களுக்கு எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? மாடு கிடையாது அக்கா. நான் பாத்துக்கிறேன்.”

அங்கேதான் விழுந்தேன். எந்தத் தோட்டம் என்று விசாரித்தார், எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார், அப்பாவுக்கு என்று ஒரு கேக் வைப்பதாகவும் சொன்னார். கேக்கைக் கடைசி வரை கண்ணால் காணவில்லை, அது வேறு கதை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒருமுறை எழுதி அனுப்பினேன். ‘நோட்டட் அக்கா’ என்று கைகூப்பும் படத்தோடு பதில். ஒரு ஆளுக்கு 62 வெள்ளி செட். 300 வெள்ளி முன்பணம் கேட்டார், டூயிட்நவ் வங்கிப் பணமாற்றம் வழியாக உடனே அனுப்பினேன். பணம் போனது கடைக் கணக்குக்கு இல்லை, தனியாள் கணக்குக்கு. ‘கம்பெனி கணக்கு இப்ப மாத்துறாங்க’ என்றார்.

அன்றைக்கு இரவு போனால், அந்தச் சமையல்காரர் இல்லை. வேறு கிளைக்கு அனுப்பிவிட்டார்களாம். அடுப்பில் நெருப்பே இல்லை. வந்த பீட்சா சூப்பர்மார்க்கெட் உறைபெட்டி சாமான் போல அடிப்பக்கம் வெளுத்து, அட்டையாக இருந்தது. காளான் சூப் ஆறிப்போய் வந்தது, சூடு பண்ணித் தரச் சொன்னதற்கு ஓரம் கொதித்து நடு ஜில்லென்று திரும்பி வந்தது. இதையெல்லாம் பெரிதாக்கவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், அப்பாவும் முள்கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு சிரித்தபடி இருந்தார்.

அப்புறம் கார்பனாரா என்கிற பாஸ்தா வந்தது. ரோமில் இதைப் பன்றியின் தாடைக் கொழுப்பு, முட்டை, பெக்கொரினோ பாலாடைக்கட்டி, மிளகு போட்டுச் செய்வார்கள், கிரீம் ஊற்ற மாட்டார்கள். இங்கே கிரீமில் நீந்திக்கொண்டிருந்தது, அதை விடுங்கள். ‘பன்றி இல்லை’ என்று பலகை மாட்டிய நம் ஊர்க் கடைகளில் பன்றிக்குப் பதிலாக மாட்டு பேக்கன் (உப்புப் போட்டுப் பதப்படுத்திய இறைச்சி) அல்லது வான்கோழிதான் போடுவார்கள். எங்கள் செட்டில் ‘புகையூட்டிய கோழி’ என்று அச்சடித்திருந்தது. தட்டில் இருந்தவை கருஞ்சிவப்பாக, நார் நாராக இருந்தன. எனக்குச் சந்தேகம் தட்டி, பரிமாறிய வெளிநாட்டுப் பையனைக் கூப்பிட்டு இது என்ன இறைச்சி என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை, அவனைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். “லெம்பு, காக்” என்றான்.

லெம்பு என்றால் மலாயில் மாடு. அதற்குள் அப்பா பாதித் தட்டைக் காலி செய்திருந்தார். எதுவும் பேசாமல் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். “தெரியாமதானே, விடும்மா” என்றார். அவர் விடலாம். நான் விட மாட்டேன்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். முதல் பதில், “அது ஹலால்தான் அக்கா.” நான் கேட்டது ஹலாலா என்று இல்லையே! அடுத்து, கோழி முடிந்துவிட்டதால் கிச்சனில் மாற்றிவிட்டார்கள் என்றார். கடைசியாக, “அது வாசத்துக்குத்தான் அக்கா, கறி மாதிரி கிடையாது” என்று ஒரு வியாக்கியானம். தோட்டத்தில் பிறந்தவர் பேசுகிற பேச்சா இது? சைவக்காரர்கள் சாப்பிட்ட ரிசோட்டோ சோற்றை எந்தச் சூப்புத் தண்ணியில் வேகவைத்தீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பன்னா கோட்டா என்கிற கிரீம் இனிப்பை உறைய வைக்க என்ன ஜெலட்டின் என்றேன். “ஹலால் ஜெலட்டின்” என்றார். பன்றி இல்லையென்றால் அது பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்ததுதான், அபூர்வமாக மீன். சைவமாக இருக்க வாய்ப்பே இல்லை.

பில் வந்தது. 744 வெள்ளி சாப்பாடு, அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி. மொத்தம் 863 வெள்ளி. சேவைக் கட்டணம்! என்ன சேவை செய்தீர்கள்? அது அரசாங்க வரியும் இல்லை, கடைக்காரன் பையில் போகிற காசு. முன்பணம் போக மீதியைக் கட்டும்வரை கேஷியர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறந்தநாள் அன்று அப்பா முன்னால் சண்டை வேண்டாம் என்று கட்டினேன். வரி வாங்கிய ரசீதில் சேவை வரிப் பதிவு எண்ணும் இல்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து நாடகம். புலனத்தில் செய்தி போட்டால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. போனில் பிடித்தால் ‘தவுக்கே (முதலாளி) சிங்கப்பூரில் இருக்கிறார்’, ‘அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண் லீவு’, ‘நாளைக்கு நானே கூப்பிடுகிறேன்’. கூகலில் விமர்சனம் எழுதினேன். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, எங்கள் சமையலறையில் பன்றி இறைச்சி இல்லை’ என்று பதில் போட்டிருக்கிறார்கள். பன்றியைப் பற்றி யார் கேட்டது? கடைசியில் பெரிய மனது பண்ணி 30 வெள்ளி வவுச்சர் அனுப்பினார்கள். அதுவும் 100 வெள்ளிக்கு மேல் சாப்பிட்டால்தான் செல்லும். 863 வெள்ளி வாங்கிக்கொண்டு, இன்னொரு 70 வெள்ளி கொண்டு வா என்கிறார்கள்.

குடும்பக் குழுவில் சொன்னதும் ஒவ்வொருவராக வாயைத் திறக்கிறார்கள். சித்தி மகளிடம் டிரஃபிள் பாஸ்தா என்று தனி விலை வாங்கியிருக்கிறார்கள், காளான் ஒரு துண்டு இல்லை, எண்ணெய் வாசம் மட்டும். டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலானவை ரசாயன வாசனை கலந்தவை என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இத்தனை பேர் ஏமாந்தும் ஒருவரும் வெளியே சொல்லவில்லை, அதனால்தான் அந்த நட்சத்திரமெல்லாம் அப்படியே நிற்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை, நாளைக்கு வேலை. சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பன்றி இல்லை’ பலகையைப் பார்த்து மாடும் இல்லை என்று நினைக்காதீர்கள். வழக்கமாகக் கொத்துக்கறி போடுகிற பொலோன்யேஸ், லசான்யா, அப்புறம் கார்பனாரா மூன்றையும் கேட்காமல் தொடாதீர்கள். சைவக்காரர்கள் பார்மெசான் பாலாடைக்கட்டியையும் கேளுங்கள், அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட். தனியாள் கணக்குக்கு முன்பணம் போடாதீர்கள். வரி போட்டிருந்தால் ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் தேடலாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது, டூயிட்நவ் சீட்டு, ‘நோட்டட் அக்கா’ படம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே கடையில் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். 863 வெள்ளியை வாங்காமல் நான் ஓயப்போவதில்லை.