ரீபில்ட் ஸ்டெர்ன்டிரைவ் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா, பணம் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நேத்து சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் டிரைவைப் பிரிச்சு டேபிள் மேல பரப்பி வெச்சார். ஸ்டெர்ன்டிரைவ்னா போட்டுக்குள்ள இருக்கற இன்ஜினோட பவரை, பின்னாடி தண்ணியைத் தள்ற ப்ராப்புக்கு (விசிறிக்கு) கொண்டு போற கியர் பகுதி. மேல் கியர்ல நாலு பல்லு இல்ல. உடைஞ்ச துண்டு ரெண்டு டிரெயின் பிளக் காந்தத்துல ஒட்டிட்டு இருந்துச்சு. இந்த டிரைவ் ஓடினது மொத்தமே 11 மணி நேரம். இதுக்கு நான் குடுத்தது என்னோட எட்டு மாசச் சம்பளம். முழுப் பணமும் அட்வான்ஸா, ஒரே தடவையில. ராத்திரி தூக்கமே வரல, அதான் விடியறதுக்குள்ள உக்காந்து எழுதறேன், கோவத்துல எங்கயாவது முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

என் போட் 28 அடி, டீப் வி ஹல், அதாவது அடிப்பாகம் ஆழமான வி வடிவம். டேங்க் நிரப்பி ஆளுங்க ஏறினா மூணரை டன் வரும். உள்ள 8.2 லிட்டர் வி8, 430 ஹார்ஸ்பவர். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இன்ஜின் நல்லா இருந்துச்சு, டிரைவ்தான் தேஞ்சு போய் சத்தம் போட ஆரம்பிச்சது, சரி பழசையே ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா இந்த எடைக்கும் பவருக்கும் தாங்கற மாதிரி ஒண்ணு போட்டுடலாம்னு முடிவு பண்ணேன்.

இதுல நிறைய பேர் ஹார்ஸ்பவரை மட்டும் பாக்கறாங்க. கியரை உடைக்கறது டார்க், அதாவது இன்ஜினோட முறுக்கு விசை, அதுவும் எடையோட சேந்த டார்க். லைட்டான போட்ல த்ராட்டிலை அழுத்தினா அது உடனே தண்ணி மேல எழும்பி வழுக்கிட்டுப் போயிடும், கியருக்கு அந்த அழுத்தம் கொஞ்ச நேரம்தான். கனமான போட் அப்படி இல்ல, மூக்கைத் தூக்கிட்டு தண்ணியைத் தள்ளிட்டே நிக்கும், அந்த நேரம் முழுக்க இன்ஜினோட மொத்த டார்க்கும் அந்த சின்ன கியர் பல்லு மேலதான் இருக்கு. அலையில ப்ராப் வெளிய வந்து மறுபடி தண்ணியில விழறப்ப அடி வேற. அதனால ஒரே 430 ஹார்ஸ்பவர் இன்ஜின், ரெண்டு டன் போட்ல தாங்கற டிரைவ் மூணரை டன்ல தாங்காம போகலாம்.

இதை எனக்கு இவ்வளவு தெளிவா சொன்னது யார் தெரியுமா, என்னை ஏமாத்தின அதே ஆள்தான்.

அது ஒரு ஆன்லைன் கடை, பழைய டிரைவை வாங்கிப் பிரிச்சு புது கியர், புது சீல் போட்டு பெயின்ட் அடிச்சு விக்கற வகை. பேர் போடல, ஆனா இந்த வகைக் கடை எல்லாத்துக்கும் இந்தப் பதிவு பொருந்தும்னு வெச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி நாலு இடத்துல பேசியிருந்தேன், எல்லாரும் "எத்தனை ஹார்ஸ்பவர் சார்"னு கேட்டுட்டு உடனே விலை சொன்னாங்க. இவர் மட்டும்தான் "போட் எடை என்ன"ன்னு கேட்டார். நான் மேனுவல்ல இருந்த எடையைச் சொன்னேன், அதுக்கு அவர், "அது வெறும் போட் எடை சார், டேங்க் ஃபுல்லா, ஆறு பேர், ஆங்கர், ஐஸ் பாக்ஸ் எல்லாம் சேத்து சொல்லுங்க, கியர் தூக்கப் போறது அதைத்தான்"னு சொன்னார். அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். இவனுக்கு விஷயம் தெரியும், இவன் நம்மளை ஏமாத்த மாட்டான்னு மனசு சொல்லிடுச்சு. விஷயம் தெரியறதும் நேர்மையும் ஒண்ணுன்னு நெனச்சது என் தப்பு.

முக்கா மணி நேரம் பேசினார். மெர்க்ரூசர் கம்பெனியோட ப்ராவோ ஒன், டூ, த்ரீ டிரைவ் மூணுக்கும் என்ன வித்தியாசம்னு பொறுமையா சொன்னார், ஒன் ஒத்தை ப்ராப், வேகத்துக்கு, டூ பெரிய விட்டம் உள்ள ப்ராப், கனமான மெதுவான போட்டுக்கு, த்ரீல ரெண்டு ப்ராப் எதிரெதிரா சுத்தும். வால்வோ பென்டா 1982லயே டூயோப்ராப்னு கொண்டு வந்த ஐடியாதான் அந்த ரெட்டை ப்ராப், கனமான போட்டை சீக்கிரம் எழுப்பும், ஸ்லிப் (ப்ராப் தண்ணியில வழுக்கி வீணாகறது) கம்மி, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்காது, ஆனா ரொம்ப வேகத்துல அதோட கீழ் பாகம் தண்ணியில இழுவை குடுக்கும், ப்ராப் செலவும் ரெட்டை. எல்லாம் உண்மைதான், நான் அப்புறம் வேற ஆளுங்க கிட்டயும் கேட்டுப் பாத்தேன். கடைசியில எனக்கு அவர் சொன்னது, ஒத்தை ப்ராப் ஹெவி டியூட்டி டிரைவ், 1.65 ரேஷியோ, நாலு பிளேடு ஸ்டெயின்லெஸ் ப்ராப், 19 பிட்ச் (வழுக்காம இருந்தா ப்ராப் ஒரு சுத்துக்கு 19 இஞ்ச் முன்னேறும்). "1.65ன்னா இன்ஜின் 1.65 சுத்து சுத்தினாதான் ப்ராப் ஒரு சுத்து, பைக்ல ஏத்தத்துல கியரைக் குறைக்கற மாதிரி, உங்க எடைக்கு இதான் சார்"னார். அந்த அட்வைஸ்ல ஒரு குறை சொல்ல முடியாது. அதான் வயிறு எரியுது. சொன்னது ஒண்ணு, அனுப்பினது வேற.

பாதிப் பணம் இப்போ, மீதி வந்தப்புறம்னு கேட்டேன். "உங்க போட்டுக்குன்னே ஷிம் (கியர் இடைவெளியை சரி பண்ற மெல்லிசு தகடு) வெச்சு செட் பண்றேன் சார், பாதியில நீங்க வேண்டாம்னா நான் யார்கிட்ட விப்பேன்"னார். ஞாயமா இருக்கேன்னு எட்டு மாசச் சம்பளத்தையும் போட்டுட்டேன். என் மச்சான் அப்பவே "டேய், ஆளைப் பாக்காம முழுசா போடாத"ன்னான். கேக்கல.

டிரைவ் வந்தது, பளபளன்னு கறுப்பு பெயின்ட், 1.65ன்னு ஸ்டிக்கர். நாங்க எங்க பக்கம் ஒரு குறை வெக்கல. டிரைவ் ஷாஃப்ட்டைத் தாங்கற கிம்பல் பேரிங் புதுசு, தண்ணி உள்ள வராம தடுக்கற ரப்பர் பெல்லோஸ் புதுசு, அலைன்மென்ட் பார் விட்டுப் பாத்து, ஷாஃப்ட் இன்ஜினோட சேர்ற கப்ளர் வரைக்கும் ரெண்டு விரல்ல தள்ளினா போற அளவுக்கு இன்ஜின் மவுன்ட் சரி பண்ணோம். ஏன்னா அது கோணலா இருந்தா கப்ளர் ஸ்ப்ளைன் போயிடும், பேரிங் போயிடும், அப்புறம் பழி நம்ம மேல வரும். புது கியர்னு சொன்னதால முதல் சில மணி நேரம் முழு த்ராட்டில் குடுக்காம, ஒரே ஆர்பிஎம்லயும் வெக்காம மாத்தி மாத்தித்தான் ஓட்டினேன்.

அப்புறம்தான் முழு த்ராட்டில் குடுத்துப் பாத்தேன். 4100க்கு மேல ஏறல. என் இன்ஜின் முழு த்ராட்டில்ல 4600லருந்து 5000க்குள்ள வரணும்னு மேனுவல் சொல்லுது. வரலைன்னா இன்ஜின் முக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம், அப்படியே ஓட்டினா சூடாகி உள்ள நாக்கிங் வரும், பிஸ்டனுக்கே ஆபத்து.

ஃபோன் பண்ணேன். "ப்ராப் மாத்திப் பாருங்க சார்." அந்த 19 பிட்ச்சைச் சொன்னதே அவர்தான். சரின்னு ஒரு நண்பர்கிட்ட 17 பிட்ச் வாங்கிப் போட்டேன், பிட்ச் ஒரு இஞ்ச் குறைஞ்சா சுமாரா 150லருந்து 200 ஆர்பிஎம் கூடும், அதே மாதிரி 4400 கிட்ட வந்துச்சு, இன்னும் பத்தல. மறுபடி ஃபோன். "இன்ஜின் வீக்கா இருக்கும் சார்." எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாத்து ஃபோட்டோ அனுப்பினேன், எட்டும் ஒரே மாதிரி. "அப்ப ஹல்லுல பாசி புடிச்சிருக்கும்." போட் டிரைலர்ல நிக்கற போட் சார், பாசி எங்கருந்து வரும். அதுக்கு பதில் இல்ல.

அப்பதான் மச்சான் ஒரு கணக்குப் போட்டான். ஆர்பிஎம்மை பிட்ச்சால பெருக்கி, ரேஷியோவால வகுத்து, அதை 656ஆல வகுத்தா ஸ்லிப் இல்லாத வேகம் கிலோமீட்டர்ல வரும். 4100, 19, 1.65 போட்டா 72 வருது. ஜிபிஎஸ் காட்டினது 71. அப்ப ஸ்லிப் ரெண்டு சதவீதம்கூட இல்ல. மூணரை டன் போட்டுக்கு அது நடக்கவே நடக்காது. அதே கணக்கை 1.36 ரேஷியோ வெச்சுப் போட்டான், 87 வந்துச்சு, 71ன்னா ஸ்லிப் 18 சதவீதம் சொச்சம், கனமான போட்டுக்கு சரியா ஒக்காருது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

மறுநாளே டிரைவைக் கழட்டி, ஃபார்வர்ட் கியர்ல போட்டு, இன்ஜின் பக்கம் சேர்ற யூ-ஜாயின்ட் யோக்ல ஒரு கோடு, ப்ராப் ஷாஃப்ட்ல ஒரு கோடு போட்டு கையால சுத்தி எண்ணினோம். ப்ராப் பத்து சுத்து சுத்தறப்ப மேல பதினாறரை வரணும். வந்தது பதிமூணரைக்குக் கொஞ்சம் மேல. மூணு தடவை எண்ணினோம். 1.36தான். ஸ்டிக்கர் மட்டும் 1.65.

வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல்ல "எண்ணினது தப்பு". அப்புறம் ஒம்பது நாள் சத்தமே இல்ல. அப்புறம் வேற ஒரு நம்பர்லருந்து ஒருத்தர், "பேக்கிங்ல மாறிடுச்சு பாஸ், ஆனா இது அதைவிட ஸ்ட்ராங், தைரியமா ஓட்டுங்க, சீசன் முடிஞ்சதும் மாத்தித் தரோம்". "சார்" போய் "பாஸ்" ஆனதை அப்ப கவனிக்கல. பிள்ளைங்களுக்கு லீவு, போட்டை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் கரையில உக்காரறதுன்னு திரும்ப மாட்டிட்டேன். அங்க நான் நிறுத்தியிருக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை, 3000 ஆர்பிஎம்ல, அலையே இல்லாத தண்ணியில, எதுலயும் இடிக்காம, சுத்தியலால அடிச்ச மாதிரி ஒரு சத்தம், அப்புறம் இன்ஜின் கத்துது போட் நகரல. வீட்டுக்காரங்க, பிள்ளைங்க, அக்கா பசங்க ரெண்டு பேர் எல்லாரும் உள்ள. இன்னொரு போட்காரர் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தார், அவருக்கு கோடி புண்ணியம். பெருசா காத்து அடிக்கற நாளா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

திங்கக்கிழமை ஃபோன். "தண்ணி உள்ள போயிருக்கும், அது உங்க மெயின்டனன்ஸ்." தண்ணி போனா கியர் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்துடும். என் ஆயில் கறுப்பா, வெள்ளி வெள்ளியா தூளோட வந்துச்சு, ஃபோட்டோ இருக்கு. செவ்வாய்க்கிழமை, "எதுலயோ இடிச்சிருக்கீங்க." ப்ராப்ல ஒரு கீறல் கிடையாது. புதன்கிழமை வந்தது பாருங்க, "இன்வாய்ஸ் பின்பக்கம் படிங்க". படிச்சேன். எறும்பு சைஸ் எழுத்துல, 350 ஹார்ஸ்பவருக்கு மேற்பட்ட இன்ஜினுக்கு வாரண்டி செல்லாது. என் இன்ஜின் 430ன்னு முதல் ஃபோன்லயே சொன்னேன், மெசேஜ்லயும் இருக்கு, "430 நோ ப்ராப்ளம் சார்"னு அவர் கையாலயே அனுப்பினது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ப்ளாக் பண்ணிட்டார். எட்டு மாசச் சம்பளத்துக்கு ஒரு ப்ளாக்.

நேத்து மெக்கானிக் பிரிச்சுக் காட்டினதுல மிச்சமும் வெளிய வந்துச்சு. மேல ஒண்ணோட ஒண்ணு சேந்து சுத்தற கியருங்க எப்பவும் செட்டாத்தான் வரும், செட்டாத்தான் மாத்தணும். இதுல ஒண்ணு புதுசு, இன்னொண்ணு பல்லு மழுங்கின பழசு. ஷிம்மும் சரியா வெக்கல, பல்லு நடுவுல பதியாம ஓரத்துல மட்டும் பதிஞ்ச தடம் அப்படியே தெரியுது. மூணரை டன்னும் அந்த ஓரத்துலதான் தொங்கியிருக்கு. "இது 11 மணி நேரம் ஓடினதே பெருசு தம்பி"ன்னார். தயாரிச்ச கம்பெனியைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அவங்க செஞ்ச பொருளைக் கெடுத்து என் தலையில கட்டினது இந்தக் கடை.

எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விளக்கமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ அதுக்கு மனசு இல்ல. சுருக்கமா சொல்றேன். முழுப் பணம் அட்வான்ஸா போடாதீங்க. உங்க இன்ஜின் பவர், முழு லோட் எடை ரெண்டையும் இன்வாய்ஸ்லயே எழுதச் சொல்லுங்க, மாட்டேன்னா வந்துடுங்க. வந்த டிரைவை மாட்டறதுக்கு முன்னாடி பத்து சுத்து எண்ணுங்க, ஸ்டிக்கரை நம்பாதீங்க. கியர் பதியற தடத்தையும், சீல் கசியுதான்னு பாக்கற பிரஷர் டெஸ்ட்டையும் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ, வீடியோவா கேளுங்க. ஆர்பிஎம் வரலைன்னா அவங்க என்ன சொன்னாலும் அன்னைக்கே நிறுத்திடுங்க, என்னை மாதிரி குடும்பத்தை ஏத்திட்டுப் போகாதீங்க. முதல் அஞ்சு மணி நேரத்துலயே ஆயிலை இறக்கி காந்தத்தைப் பாருங்க.

இப்ப எழுதிட்டு இருக்கறப்ப மச்சான் ஒரு லிங்க் அனுப்பினான். அதே கடை, எனக்கு முதல்ல காட்டின அதே ஃபோட்டோ, ஹெவி டியூட்டி, 1.65, ஒண்ணே ஒண்ணுதான் ஸ்டாக்குன்னு போட்டிருக்கான். இந்த மாதிரி டிரைவுக்கு யாராவது பேசிட்டு இருந்தா பணம் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, எப்படி எண்ணறதுன்னு அந்த வீடியோவை அனுப்பறேன்.