வாடகை வீட்டுச் சமையலறைக்கு ஆங்கிள் ரேக்: எதை வாங்கலாம், எதை விடலாம்

நகரத்து வாடகை வீடுகளில் சமையலறை ஆறடிக்கு எட்டடி இருந்தாலே பெரிது. ஒரு சுவரோடு இரண்டடி அகல மேடை, அதன் கீழே கதவில்லாத கடப்பா கல் தட்டுகள், தலைக்கு மேல் பரண், அவ்வளவுதான். நான்கு பேர் சாப்பிடும் வீட்டின் அரிசி, மளிகை, குக்கர், இட்லிப் பானை, மிக்ஸி, சிலிண்டர் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று ஹவுஸ் ஓனர் முதல் நாளே சொல்லியிருப்பார். 'இடம் மிச்சப்படுத்தும்' என்ற பெயரில் விற்கிற சாமான்களில் பாதி, இருக்கிற இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இந்த நிலைமைக்குக் காசு போட்டு வாங்கத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: கடைகளிலும் கிடங்குகளிலும் பார்க்கிற ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக். துளை போட்ட நான்கு இரும்புக் கால், நடுவே தகடுகள், போல்ட். அழகு கிடையாது. ஆனால் சுவரைத் தொடாமல் தரையில் நிற்கும். தட்டின் உயரத்தை நம் பாத்திரத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றினால் படுத்துக்கொள்ளும்.

முதலில் அளவு. கடையில் தயாராக நிற்பது பெரும்பாலும் மூன்றடி நீளம், ஓரடி ஆழம், ஆறடி உயரம், ஐந்து தட்டு. சமையலறைக்கு அதை அப்படியே எடுக்க வேண்டாம். ஓரடி ஆழம் என்பது 30 செ.மீ.தான். அரிசி டிரம், பெரிய குக்கர், இட்லிப் பானை எல்லாம் விட்டத்திலோ கைப்பிடியோடு சேர்த்தோ அந்த அளவைத் தாண்டி விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்கும். 15 அங்குல ஆழம் கேளுங்கள். 18 அங்குலமும் கிடைக்கும், ஆனால் அது நடைபாதையைத் தின்றுவிடும். ஆறடி அகல அறையில் மேடைக்கு இரண்டடி போக நான்கடி மிச்சம். எதிர்ச் சுவரில் 15 அங்குல ரேக் நின்றால் நடக்க 33 அங்குலம் இருக்கும். ஒருவர் குனிந்து எழ அது போதும். 18 அங்குலம் வைத்தால் 30 தான், இருவர் ஒருவரையொருவர் தாண்டிப் போக முடியாது. அளக்கும்போது கதவு, ஃபிரிட்ஜ் கதவு, ஜன்னல் கதவு மூன்றையும் முழுக்கத் திறந்து வைத்து அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வாங்கியவர்கள்தான் ரேக்கை ஹாலில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கனம். கால்களுக்கு 14 கேஜ், அதாவது சுமார் 2 மி.மீ. தட்டுக்கு 20 கேஜ், சுமார் 0.9 மி.மீ. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறந்துவிட்டால், 22 கேஜ் தகட்டை உசத்தி என்று நினைத்து வாங்கிவிடுவோம். பவுடர் கோட்டிங் அடித்த பிறகு கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எடை காட்டிக்கொடுக்கும். மூன்றடி நீளம், 15 அங்குல ஆழம், ஆறடி உயரம், ஆறு தட்டு என்றால் நல்ல கனத்தில் எல்லாம் சேர்த்து 25 கிலோவை ஒட்டி வர வேண்டும். 20 கிலோவுக்குக் கீழே இருந்தால் எங்கேயோ மெலித்திருக்கிறார்கள். எடை போட்டுப் பார்க்க வழியில்லை என்றால் தட்டின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்குங்கள். டொப்பென்று உள்ளே போய் மறுபடி எழும்பினால் அது மாவரைக்கும் வீட்டுக்கு ஆகாது. 'ஒரு தட்டு நூறு கிலோ தாங்கும்' என்று கடைக்காரர் சொல்வது, சுமை தட்டு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால். நடுவில் ஒரே இடத்தில் கிரைண்டரை உட்காரவைத்தால் அந்தக் கணக்கு செல்லாது.

ஐந்து தட்டா, ஆறா? ஆறு. இந்தப் பொருளின் பலனே இங்கேதான் இருக்கிறது. கடப்பா கல் தட்டுகளுக்கு நடுவே பல வீடுகளில் 15 அங்குலமாவது இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே ஏழு அங்குல டப்பாவை வைத்தால் மேலே பாதிக்குப் பாதி காற்றுதான் குடியிருக்கும். ரேக்கில் அந்தக் காற்றை விரட்டலாம். தரையிலிருந்து கணக்கு சொல்வதானால் முதல் தட்டு 4 அங்குலத்தில். துடைப்பமும் மாப்பும் கீழே நுழைய வேண்டும். இரண்டாவது 25-இல், மூன்றாவது 38-இல், நான்காவது 49-இல், ஐந்தாவது 60-இல், கடைசி உச்சியில் 72-இல். அடியில் கிடைக்கும் 21 அங்குல இடைவெளியில் அரிசி டிரம்மும் எண்ணெய் டின்னும் நிற்கும். தட்டின் விளிம்பில் கீழ்நோக்கி இருக்கும் மடிப்பு ஒன்றே கால் அங்குலம் வரை தின்றுவிடும் என்பதையும் கழித்துக்கொண்டே பாருங்கள். அடுத்த 13 அங்குலம் குக்கர், மிக்ஸி ஜார். இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் வரும் இரண்டு தட்டுகள் அன்றாட மளிகைக்கு. அதற்கு மேல் வாரம் ஒருமுறை எடுப்பவை. உச்சியில் எடை குறைந்தவை மட்டும்: முறம், சல்லடை, காலி டப்பா.

இங்கே அரிசி டிரம் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. '25 கிலோ டிரம்' என்று விற்பதில் அந்த மூட்டை அடங்காது. கடைசி ஒரு கிலோ மூட்டையிலேயே தங்கி மூலையில் சுருண்டு கிடக்கும், வண்டு அங்கிருந்துதான் தொடங்கும். 26 கிலோ அரிசிக்கு 33 லிட்டர் அளவு இடம் வேண்டும். 35 லிட்டர் டிரம் எடுத்தால் மூடி நன்றாக இறங்கும்.

மாட்டுவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். ஒரு தட்டுக்கு மூலைக்கு இரண்டு வீதம் எட்டு போல்ட், ஆறு தட்டுக்கு 48. எண்ணி வாங்குங்கள், ஐந்தாறு கூடுதலாகவே வாங்குங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்தான் வரும், 13-ஆம் எண் ஸ்பேனர் இரண்டு இருந்தால் வேலை சுலபம். கார்னர் பிளேட் என்ற முக்கோணத் தகட்டை அடித்தட்டுக்கும் உச்சித் தட்டுக்கும் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தர மாட்டார்கள். அது இல்லாத ரேக், கை பட்டால் பக்கவாட்டில் ஆடும்; ஆட ஆட போல்ட் தளரும்.

நான்கு கால்களையும் தரையில் படுக்கவைத்து அடி, உச்சித் தட்டுகளை முதலில் மாட்டுங்கள். போல்ட்டைக் கையால் திருகிய அளவோடு நிறுத்துங்கள். மற்ற தட்டுகளும் ஏறிய பிறகு நிமிர்த்தி, முன்பக்கம் மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகே முறுக்க வேண்டும். முதல் போல்ட்டையே இறுக்கிவிட்டால் கடைசித் தட்டின் துளை நேருக்கு நேர் வராது. சுத்தியலைத் தேட வேண்டியதுதான். தட்டின் வெட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், பழைய துணியாவது சுற்றிக்கொண்டு பிடியுங்கள்.

உச்சித் தட்டை மட்டும் கவிழ்த்து, மடிப்பு மேலே வரும்படி மாட்டலாம். விளிம்பு எழும்பித் தாம்பாளம் போல ஆகிவிடுவதால் மேலிருந்து எதுவும் வழுக்கி விழாது. மற்றத் தட்டுகளுக்கு இது வேண்டாம், துடைக்கும்போது மூலையில் அழுக்கு தங்கும்.

சமையலறைத் தரை பெரும்பாலும் தண்ணீர் ஓடுவதற்காகச் சற்றே சாய்ந்திருக்கும். ரேக் அந்தப் பக்கம் சாயும். தாழ்ந்த காலுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துச் சமன் செய்யுங்கள். காலில் மாட்டும் பிளாஸ்டிக் ஷூவுக்குள் கழுவும் தண்ணீர் தேங்கி, உள்ளே தெரியாமல் துரு ஏறும். அடியில் சின்னத் துளை போட்டுவிட்டால் வடிந்துவிடும். துரு எப்போதும் வெட்டிய முனையிலும் போல்ட் சுரண்டிய இடத்திலும்தான் தொடங்குகிறது. நெயில் பாலிஷ் தடவினாலும் போதும்.

இந்த ரேக்கின் உண்மையான குறை, சாயும் ஆபத்து. ஆறடி உயரத்துக்கு ஒன்றேகால் அடி ஆழம் என்பது ஒல்லியான உடம்பு. வீட்டில் ஏறி விளையாடும் வயதில் குழந்தை இருந்தால் இதைக் கட்டாமல் விடவே கூடாது. அரிசியும் எண்ணெயும் அடித்தட்டில் இருப்பது இடத்துக்காக மட்டுமில்லை, அந்த எடைதான் ரேக்கைப் பிடித்து நிறுத்துகிறது. ஜன்னல் கம்பி பக்கத்தில் இருந்தால் மேல் தட்டின் காலைக் கட்டுக்கம்பியால் அதோடு முறுக்கிக் கட்டுங்கள். ஜன்னல் இல்லையா, ஹவுஸ் ஓனரிடம் ஒரே ஒரு துளைக்கு அனுமதி கேளுங்கள். பத்து ஓட்டைக்கு மறுப்பவரும் குழந்தைக்காக என்றால் ஒன்றுக்குச் சம்மதிப்பார். ஒட்டும் ஹூக்கை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

ஒட்டும் ஹூக்கும் ஒட்டும் ஷெல்ஃபும் தனி வியாபாரமாகவே வளர்ந்துவிட்டன. ஹூக் பரவாயில்லை. வழுவழுப்பான டைல்ஸில், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க எதையும் மாட்டாமல் விட்டால் கரண்டியும் மூடியும் கைத்துணியும் தாங்கும். பெயின்ட் சுவரில் ஒட்டினால் பெயின்டோடு வரும், அட்வான்ஸில் கழியும். ஷெல்ஃப் வகையறாவுக்கு மதிப்பெண் கிடையாது. அட்டையில் போட்டிருக்கும் எடை, நேர் கீழே இழுக்கும் எடை. நாலு அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் மசாலா பாட்டில் ஏறியதும், அது ஒட்டின் மேல் விளிம்பைச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் உரிக்கிறது. அடுப்பின் சூடும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் ஒரு நாள் நடு இரவில் மொத்தமும் கீழே வரும். கழற்றும்போது முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி, பின்னால் நைலான் நூலை விட்டு அறுத்தால் டைல்ஸ் தப்பிக்கும்.

சிங்க் மேலே நிற்கும் பாத்திர ஸ்டாண்ட், சிங்க்குக்கு மேலே ஜன்னல் இல்லாத வீட்டுக்குச் சரி. குழாயின் உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். எவர்சில்வரா என்று காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. 202 ரக எவர்சில்வரும் ஒட்டாது, எளிதில் துருப்பிடிக்காத 304 ரகமும் ஒட்டாது, எனவே அந்தச் சோதனையில் தரம் தெரியாது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதற்கு 304 என்று பில்லில் எழுதி வாங்குவதே வழி. சக்கரம் வைத்த காய்கறி டிராலி பற்றிச் சொல்ல அதிகமில்லை. சக்கரத்தில் முடியும் நூலும் சுற்றிக்கொண்ட பிறகு அதுவும் ஓரிடத்தில் நிற்கிற கூடைதான். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாமல், உருளையை வெளிச்சம் படாத அடிக் கூடையில் வைத்தால் அதற்குக் கொடுத்த காசு வீணில்லை.

டப்பா வாங்குவதில் ஒரு கணக்குப் பிழை எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு கிலோ பருப்பு அடங்காது. துவரம்பருப்பு 800 கிராம் அளவுக்குத்தான் கொள்ளும், மிச்சம் பாக்கெட்டில் ரப்பர் பேண்டோடு தனியாக ஓர் இடம் பிடிக்கும். ஒரு கிலோ பருப்புக்கு ஒன்றரை லிட்டர், கோதுமை மாவுக்கு இரண்டு லிட்டர் என்று எடுங்கள். உருண்டை டப்பாவைவிடச் சதுர டப்பா நல்லது. ஒரே அகலத்தில் உருண்டையானது நான்கு மூலையிலும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு இடத்தை வீணடிக்கிறது. 15 அங்குல ஆழத்தில் நான்கு அங்குலச் சதுர டப்பா மூன்று வரிசை நிற்கும். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது மறந்துபோகும் என்பதால், கடைசி வரிசைக்கு முன்வரிசையில் உள்ளதன் இருப்பையே வையுங்கள்: முன்னால் புளி என்றால் பின்னாலும் புளி.

ரேக் எங்கே நிற்கக்கூடாது என்பதும் முக்கியம். அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் தாளிப்பு ஆவி படிந்து டப்பாவெல்லாம் பிசுபிசுக்கும். ரெகுலேட்டரை எட்டிப் பிடித்து மூடும் வழியை ரேக் மறிக்கக்கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் நிமிர்ந்தே, அடுப்பைவிடத் தாழ்ந்தே நிற்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் சிலிண்டருக்கு முன்னால் சாக்கு, அட்டைப்பெட்டி அடுக்கி அறையை அடைக்காதீர்கள். இடம் பிடிக்கிறது என்று சிலிண்டரைத் தள்ளிவைத்து டியூபை நீட்டுவதும் கூடாது. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும்.

பழைய ரேக் கிடைத்தால் தயங்க வேண்டாம், மூடுகிற மளிகைக் கடைகளில் நல்ல கனத்தில் வரும். காலைத் தரையில் படுக்கவைத்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கிய கால் நேராகாது. துளைகள் இழுபட்டு அகன்றிருந்தால் வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். தட்டின் அடி மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவுங்கள், துரு உதிர்ந்தால் அந்தத் தட்டை மட்டும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், தட்டு தனியாகவும் விற்கிறார்கள்.