டிரெய்லருக்கு லைட் போடப் போய் 7,400 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி பக்கம் டிராக்டரில் கரும்பு ஏற்றுகிறவன் நான். ஆலைக்குப் போவது பெரும்பாலும் ராத்திரியில்தான். பின்னால் வெளிச்சம் இல்லாத கரும்பு டிரெய்லரில் பைக்காரன் வந்து மோதிய கதை எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் புதிதாகப் போடலாம் என்று பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி. டீ வாங்கிக் கொடுத்தார். "ஏழு கோர் கேபிள், ஏழு பின் சாக்கெட், அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்ணே" என்றார். அதாவது உள்ளே ஏழு தனித்தனி வயர் உள்ள கேபிள், அதை டிராக்டரில் சொருக ஏழு முனை உள்ள சாக்கெட். முடித்துவிட்டு என்னையே பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் கூட்டிப்போய்ச் சிவப்பாக எரிவதைக் காட்டினார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பில் கூடக் கேட்காமல் 7,400 ரூபாயை எண்ணி வைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, முழு லோடு. வேகத்தடையில் ஏறினால் லைட் அணைகிறது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் கிரீச்சென்று நிறுத்திவிட்டுத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கொஞ்ச தூரத்தில் வயர் கருகும் நாற்றம்.

மறுநாள் ஐடிஐ படித்த என் அக்கா மகன் பிரித்துப் பார்த்தான். எர்த் வயரே, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வயரே, கிடையாது! டிராக்டரையும் டிரெய்லரையும் கோர்க்கும் கொக்கி வழியாகவே எர்த் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கிரீஸும் துருவும் பிடித்த கொக்கி நின்றால் தொடும், குலுங்கினால் விடும். கடையில் எரிந்த ரகசியம் அதுதான். பிரேக் பல்பு ஒன்று 21 வாட், இரண்டும் சேர்ந்தால் 12 வோல்ட்டில் 3.5 ஆம்ப் இழுக்கும், அதற்கு ஸ்பீக்கருக்குப் போடுகிற மாதிரி மெல்லிய வயர். கேபிள் டிரெய்லரின் இரும்புச் சட்டத்து விளிம்பில் உரசித் தோல் உரிந்திருந்தது. ஃபியூஸ் கிடையாது.

கடைக்குப் போன் போட்டால் முதலில் "பல்பு போயிருக்கும்". அப்புறம் "உங்க பேட்டரி வீக்". அப்புறம் "மெக்கானிக் ஊருக்குப் போயிட்டார்". நேரில் போய் நின்றேன். நெற்றியில் அதே விபூதி, டீ மட்டும் இல்லை. "பில் இருக்கா?" என்கிறார். 7,400 ரூபாய் சார், இரண்டு லோடு கரும்பு அடித்தாலும் டீசல் போகக் கையில் நிற்காத பணம்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், நேரமில்லை. சாக்கெட்டில் எர்த்துக்குத் தனிப் பின் இருக்கிறது, அதிலிருந்து தனி வயர் டிரெய்லர் வரை போகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபியூஸ் எங்கே என்று கேளுங்கள். நிறுத்திவைத்துப் பார்க்காதீர்கள், லோடோடு ஓட்டி, பின்னால் ஒரு ஆளை பைக்கில் வரச்சொல்லிப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அதற்கு வயரும் வேண்டாம் கடைக்காரனும் வேண்டாம். பில் வாங்குங்கள்.

கரும்பு வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. மருமகன் புது வயர் இழுத்து முடிக்கும் வரை பகலில் மட்டும்தான் ஓட்டம், ஆலை வாசலில் வெயிலில் வரிசையில் நிற்கிறேன்.