வால்வுக் கசிவோடு வாழ்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டவை

இதயத்தின் மைட்ரல் வால்வில் கசிவு இருக்கிறது என்று எனக்குச் சொல்லிப் பத்து வருஷத்தை நெருங்குகிறது. இன்னும் அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, குறித்த காலத்தில் எக்கோ என்ற இதய ஸ்கேன், அவ்வளவுதான் வைத்தியம். ரிப்போர்ட்டில் இந்த வார்த்தையைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. இரண்டு இதழ்கள். கீழறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்கு அனுப்பும்போது இரண்டும் பொருந்தி மூட வேண்டும். எனக்கு ஓர் இதழ் தொய்ந்துபோய், கொஞ்சம் ரத்தம் மேலறைக்கே திரும்புகிறது. முதல் சந்திப்பில் டாக்டர் கேட்டது, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றுதான். நான் மலேசியத் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவன். கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிடும் என்பதால் அந்தக் கேள்வி. எனக்கு அது வந்ததில்லை. இதழ் தொய்வு சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு என்றார். தம்பியையும் பரிசோதித்தோம், அவனுக்கு ஒன்றுமில்லை.

கசிவு என்ற சொல்லே பயமுறுத்துகிறது. ஆனால் நல்ல இதயத்திலும் துளிக் கசிவு எக்கோவில் தெரிவது சகஜம். மைல்டா (லேசானதா), மோடரேட்டா (நடுத்தரமா), சிவியரா (கடுமையா) என்பதைப் பொறுத்துத்தான் கதை. மைல்ட் என்றால் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ போதும். மோடரேட் என்றால் ஒன்று அல்லது இரண்டு வருஷம், சிவியர் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். நான் மைல்டில் தொடங்கி இப்போது மோடரேட்டில் நிற்கிறேன்.

எக்கோ வலிக்காது. இடது பக்கம் சாய்ந்து படுத்து, இடது கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். அறை ஏர்கோனில் குளிரும், ஜெல் அதைவிடக் குளிரும். விலா எலும்புக்கு நடுவில் கருவியை அழுத்தும்போது கொஞ்சம் நோகும். திரையில் ரத்தம் சிவப்பும் நீலமுமாக ஓடும். கசிவு மட்டும் பல நிறம் கலந்து சிதறி, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலறைக்குள் பீய்ச்சி அடிக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது என் கண்ணை எடுக்க முடியவில்லை. உடம்புக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குப் பயம் குறைந்தது. மனைவிக்கு அதிகமானது.

ரிப்போர்ட் வாங்கியதும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஈஎஃப், கீழறை ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது. மற்றவர்களுக்கு 55 என்றால் நல்ல எண். நமக்கு அப்படியில்லை. கசிவு இருக்கும்போது இதயம் ரத்தத்தைத் தள்ளுவது சுலபம், ஏனென்றால் ஒரு பங்கு எதிர்ப்பில்லாமல் பின்னால் போய்விடுகிறது. அதனால் எண் தூக்கலாகவே காட்டும். சிவியர் கசிவுள்ளவருக்கு 60 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலே இதயம் களைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்னொன்று, கீழறை சுருங்கி முடிந்த நிலையில் அதன் அகலம். சிவியர் கசிவில் அது 40 மில்லிமீட்டரைத் தொட்டால், மூச்சுத் திணறல் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். கோப்பைத் திறந்து வரிசையாகக் காட்டினால் பேச்சே மாறிவிடுகிறது.

ஆனால் எண்களைவிட நான் நம்புவது படிகளை.

மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டால் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நமக்கே தெரியாமல் வேகத்தைக் குறைத்திருப்போம், லிஃப்ட்டுக்குக் காத்திருப்போம், பசார் பையைப் பிள்ளையிடம் கொடுத்திருப்போம். கஷ்டத்தையே தவிர்த்துவிட்டால் கஷ்டம் எப்படித் தெரியும்? அதனால் மாறாத அளவுகோல் ஒன்று வேண்டும். எனக்குப் பினாங்கின் தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை, பசியாறுவதற்கு முன், வெயில் ஏறுமுன் அதே வேகத்தில் ஏறுகிறேன். எங்கே நின்றேன், எத்தனை நிமிஷத்தில் மூச்சு சரியானது என்று எழுதிவைக்கிறேன். மற்ற நாள்களில் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் நடை.

ஒரு வருஷம் வழக்கமாக நிற்கும் திருப்பத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டி வந்தது, கூடவே வறட்டு இருமல். கசிவு முற்றிவிட்டது என்றே முடிவு செய்தேன். எக்கோவில் மாற்றமில்லை. இருமல் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட பெரிண்டோப்ரில் மாத்திரையால் வந்தது, அந்த வகை மருந்துக்கு இது தெரிந்த பக்கவிளைவு. லோசார்டானுக்கு மாற்றினார்கள், இருமலும் போனது, பழைய திருப்பத்துக்கும் வந்து சேர்ந்தேன். குறிப்பு இல்லையென்றால் இது டாக்டரிடம் போயிருக்காது.

மனசுக்குக் கஷ்டமான விஷயம் காவடி. இளம் வயதிலிருந்து தைப்பூசத்துக்கு எடுத்து வந்தேன். பாரத்தைத் தூக்கி மூச்சைப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும், அழுத்தம் ஏறினால் திரும்புகிற ரத்தமும் கூடும், வேண்டாம் என்றார் டாக்டர். நேர்த்திக்கடனை எப்படி விடுவது? அம்மாதான் தீர்த்துவைத்தார்: "தம்பி, முருகன் பாரத்தையா நிறுத்துப் பாக்குறாரு? பால்குடம் எடுய்யா." இப்போது பால்குடம்தான். ஏறும்போது தம்பி பக்கத்தில் வருகிறான்.

கைக்கடிகாரம் பற்றிக் கேட்கிறார்கள். கசிவை எந்தக் கடிகாரமும் அளக்காது. ஆனால் மேலறை பெருத்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வரலாம், பக்கவாதத்துக்கு அது ஒரு வாசல். ஈசிஜி எடுக்கிற கடிகாரம் அதைச் சந்தேகிக்க உதவும். அதற்காக மட்டும் வாங்கலாம்.

பல்லை அலட்சியம் செய்யாதீர்கள். ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் தங்கினால் எண்டோகார்டைட்டிஸ், உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்குமுன் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதை மாற்றி, செயற்கை வால்வு, ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர் போன்ற சிலருக்கு மட்டும் என்றது. நமக்குத் தேவை சுத்தமான வாயும் ஒழுங்கான பல் பரிசோதனையும்.

அப்புறம், காய்ச்சல். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்கிதான் நினைவுக்கு வரும், அந்தச் சோதனையும் வேண்டியதுதான். அது இல்லையென்று வந்து, காய்ச்சல் விடாமல் அடித்தால், அது எண்டோகார்டைட்டிஸாக இருக்கலாம்; டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுமுன் "எனக்கு வால்வுக் கசிவு இருக்கிறது" என்று சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த பிறகு மருந்தைத் தொடங்கட்டும். முதலில் மருந்து போய்விட்டால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம்.

என் கேள்விகளை இப்போதே எழுதிவைத்திருக்கிறேன்: எக்கோ எண்கள் அறுவை சிகிச்சைக்கான எல்லையைத் தொட்டால் என் வால்வைத் தைத்துச் சரிசெய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா? இதழ் தொய்வில் பெரும்பாலும் ரிப்பேர் சாத்தியம், அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிடும் அவசியம் இல்லை. உலோக வால்வு என்றால் அது உண்டு. ரிப்பேர் அதிகம் செய்து கைதேர்ந்த சர்ஜன் யார் என்பதையும் அடுத்த எக்கோவின்போது கேட்கப் போகிறேன்.