டிராம் 11: பல வருடம் கேட்ட பிறகு

குரோஷிய ராப்பை எங்கிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது டிராம் 11 என்ற ராப் குழுவின் முதல் ஆல்பத்தைத்தான். 1999-இல் வந்த ‘சோவ்யெச்சே, நே லுத்தி சே’. வேலைக்காகக் குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப் வந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

டார்கெட், ஜெனரல் வூ என்று இரண்டு பேர். தங்கள் ஊரில் ஓடும் 11-ஆம் எண் டிராமின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோது நடந்த குரோஷிய விடுதலைப் போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. ரேடியோ 101-இல் ஃபேட் ஃபில்லி நடத்திய ‘பிளாக்அவுட்’ நிகழ்ச்சிதான் அன்றைய ராப் பையன்களுக்குப் புகலிடம். அந்த வானொலியின் உரிமத்தை அரசு பறிக்கப் பார்த்தபோது, 1996 நவம்பரில் நகரின் மையமான யெலாச்சிச் சதுக்கத்தில் லட்சம் பேர் திரண்டார்கள். இந்த ஜோடி முளைத்தது அப்படிப்பட்ட மண்ணில்.

முதலில் பேர் வாங்கித் தந்த பாட்டு ‘ஹ்ர்வாட்ஸ்கி வெலிகானி’. குரோஷியாவின் அன்றைய பணமான குனா நோட்டுகளில் அச்சடித்திருந்த குரோஷியப் பெரியவர்களை வைத்துப் பணத்தைப் பற்றிப் பாடியது. ஐம்பதில் கவிஞர் குண்டுலிச், ஐந்நூறில் மாருலிச் என்று நோட்டு நோட்டாக முகங்கள் இருந்த காலம். 2023-இல் யூரோ வந்து குனா போனதும், அந்தப் பாட்டு ஒரு காலத்தின் பதிவாகிவிட்டது. இப்போது கேட்டால் முன்பைவிடக் கனமாக இருக்கிறது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு 11-இல் ஏறி, செர்னோமெரெட்சிலிருந்து இலிட்சா தெரு வழியாக மாக்சிமிர் தாண்டி துப்ராவா வரை போய்ப் பாருங்கள். வண்டி நின்று நின்று போகிற வேகமும் பாட்டின் தாளமும் ஒத்துப்போகும். மொழி பிடிபடப் பிடிபட இன்னொன்றும் தெரிந்தது. ஒருவர் வரியை முடிக்கும் இடத்திலேயே மற்றவர் தொடுக்கிறார், நடுவில் இடைவெளியே விழுவதில்லை. வருடக்கணக்கில் சேர்ந்து திரிந்தவர்களுக்குத்தான் இது வரும்.

2000-இல் வந்த இரண்டாவது ஆல்பமும் நல்ல ஆல்பம்தான், ஆனால் நான் அடிக்கடி திரும்பிப் போவது முதலாவதுக்கு. போர்க்கால வெறுப்பு அப்படியே கசிகிற வரிகளும் இவர்களிடம் உண்டு. அவற்றை என்னால் ஏற்க முடியாது, தள்ளிவிட்டுத்தான் கேட்கிறேன்.

2003-இல் பிரிந்தார்கள். போஸ்னிய ராப்பர் எடோ மாய்காவின் முதல் ஆல்பம் வந்து ராப்புக்குப் பெரிய கூட்டம் சேரத் தொடங்கிய சமயம் அது. பாதை போட்டவர்கள் அப்போது விலகிக்கொண்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு இருவரும் தனித்தனியாகப் பாடினார்கள். தொழில்திறனில் குறையில்லை. ஆனால் வரி முடியும் இடத்தில் அந்த இன்னொரு குரலைக் காது தேடுகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் முதல் ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முழுசாகக் கேளுங்கள். தனி ஆல்பங்களுக்கு அப்புறம் போகலாம்.